செவ்வரளிப் பொட்டலம்

வேம்பூரணியில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிய மூன்றாம் நாள், பள்ளிக்கூடத்துச் சத்துணவு அடுப்பை அணைத்துவிட்டு வந்த ராசகனி, கோவில் வாசல் கடையில் ஒரு வயிற்றுத் தகடு வாங்கி, அதைத் தன் இடுப்பின் இடப்பக்கம் சேலைக்கு மேலாகவே வைத்து, "நான் தாரேன்" என்று சொன்னாள். சொல்லிவிட்டுக் கையை எடுத்துப் பார்த்தபோது தகட்டின் மேல் அவளுடைய சிறுநீரகம் இருந்தது.

அது அவரை விதையின் வடிவத்தில், ஒரு கைப்பிடி அளவில், ஊறவைத்த புளியின் நிறத்தில் இருந்தது. ரத்தம் இல்லை, வெட்டு இல்லை, சேலையில் ஒரு நூல் பிரியவில்லை. கோழி அப்போதுதான் இட்டுவிட்டுப் போன முட்டையின் சூடு அதில் இருந்தது. ராசகனி தகட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்து, எதிரே வந்த மினி பஸ் நின்று வழிவிட, மூன்று வருஷமாக டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த டீக்கடை அய்யாத்துரையின் இடுப்பில் வைத்தாள். முதல் மழைத் தண்ணீர் கரிசல் வெடிப்பில் இறங்குவதுபோல அது உள்ளே இறங்கியது. அய்யாத்துரை ஒரு முறை ஏப்பம் விட்டார்.

இங்கே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கத்து அம்மன் கோவில்களில் கண் நோவு தீர்ந்தவர்கள் கண் உருவம் பதித்த தகட்டையும், கால் சரியானவர்கள் கால் பதித்த தகட்டையும் வாங்கி உண்டியலில் போடுவார்கள்; வயிறு, கை, தொட்டில் எல்லாவற்றுக்கும் தகடு உண்டு. அடுத்தது காப்பு. திருவிழாவின் முதல் நாள் அம்மனுக்கும், பிறகு ஊரில் பெரியவர்கள் அத்தனை பேருக்கும், மஞ்சள் துண்டு முடிந்த கயிற்றை மணிக்கட்டில் கட்டுவார்கள். எட்டாம் நாள் உச்சிப்பொழுதில் பூசாரி அதை அறுக்கும்வரை யாரும் ஊர் எல்லைக்கு வெளியே தங்கக்கூடாது. மருமகள் பிரசவத்துக்குப் போனவர்கள்கூட மாலைப் பேருந்தில் திரும்பிவிடுவார்கள்.

பூசாரி மூக்காண்டிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "ஏத்தா ராசகனி, இந்தத் தகட்ட உண்டியல்ல போடணுமா, கழுவி வீட்டுக்குக் கொண்டு போவியா?"

"உண்டியல்லயே போட்டுருதேன். எங்க வீட்ல வைக்க எடமில்ல."

பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு வலித்ததா என்று கேட்டார்கள். மூக்குத்தி கழற்றினாற்போல இருந்தது என்றாள். சொந்தமா பந்தமா, அந்த ஆளுக்கு எதற்குக் கொடுத்தாய் என்று ஒருத்தி கேட்டாள்.

"தெனம் காலைல அவரு கடையிலதான் டீ குடிக்கேன். அவரு படுத்ததுல இருந்து அவரு பொண்டாட்டி போடுதா. வாய்ல வைக்க வெளங்கல."

அய்யாத்துரையின் மனைவி அதற்கு ஒரு வாரம் கோபித்துக்கொண்டு, பிறகு தன் காதில் கிடந்ததைக் கழற்றி ராசகனிக்குப் போட்டுவிடப் போனாள். ராசகனி வாங்கிக்கொள்ளவில்லை.

வேம்பூரணியில் அப்போது பதினொரு பேர் செவ்வாயும் வெள்ளியும் ஆறரை மணிப் பேருந்தில் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாய்களோடு நாலு மணிநேரம் படுத்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்றார்கள் சிலர், வெயில் என்றார்கள் சிலர். அந்தத் திருவிழா முடிவதற்குள் இன்னும் நாலு பேர் தகட்டை வைத்து "தாரேன்" என்றார்கள். அண்ணனுக்குத் தம்பி கொடுத்தான். ஒருத்தி, கொழுந்தன் மகனுக்குக் கொடுத்தாள். மக்கள் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார்கள். கண் தகட்டை வைத்தால் கண் வரவில்லை. பல் வரவில்லை. காப்பு அறுத்த பிறகு எதுவும் வரவில்லை. வாய்விட்டுச் சொன்னால்தான் வந்தது, மனசுக்குள் சொன்னால் வரவில்லை. ரத்த வகை பார்க்க வேண்டியிருக்கவில்லை. மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர் அய்யாத்துரையின் ஸ்கேனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'புதிய சிறுநீரகம் ஒன்று, சீராக இயங்குகிறது' என்று எழுதி, அடுத்த ஆளை வரச்சொன்னார்.

ஊர் இதை எப்படித் தனக்குள் வைத்துக்கொண்டது என்பதுதான் கதை.

முதலில் பெயர் வைத்தது. கொடுத்தவர்கள் ஒத்தைக்காரர்கள், கொடுக்காதவர்கள் ரெட்டைக்காரர்கள். தீர்த்தம் கொடுக்கும்போது ஒத்தைக்காரர்களுக்கு முதலில் கொடுத்தார்கள். ரெட்டைக்காரர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஒத்தைக்காரர் எவராவது வந்தால் எழுந்து இடம்விட்டார்கள். பிறகு, எழுந்திருக்க வேண்டி வருமே என்று பெஞ்சில் உட்காருவதையே குறைத்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்த் தரகர்கள், "பொண்ணு ஒத்தையா ரெட்டையா?" என்று கேட்டார்கள், ஒத்தை என்றால் குணவதி என்று சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முடிதிருத்தும் மாரிக்கண்ணு, நாற்காலியில் உட்காருகிறவரிடம், "ஒத்தையா ரெட்டையாண்ணே? கிருதாவக் கேட்டேன்" என்று ஒரே வேடிக்கையை இரண்டு வருஷம் சொன்னார்.

இரண்டாம் வருஷம் மூன்று பேர் கொடுத்தார்கள்.

மூன்றாம் வருஷம் எட்டு நாளும் தகட்டுக் கடை வாசலில் ஒருவரும் நிற்கவில்லை. கொடுக்கக்கூடியவர்கள் கொடுத்துவிட்டார்கள், மற்றவர்கள் கடையைச் சுற்றிக்கொண்டு மேற்குவாசல் வழியாகக் கோவிலுக்குள் போனார்கள். அந்த ஆடி மாதம் பேருந்தில் போய்வந்தவர்களில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒருத்தி கல்லூரியில் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த பெண். அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது வழியில் நின்ற ரெட்டைக்காரர்கள் எல்லோரும், தங்கள் இடுப்பில் என்னவோ ஒட்டியிருப்பதுபோலத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

நாலாம் வருஷம் பேருந்தில் நாலு பேர் போனார்கள். அவர்களில் ஒருத்தி வெள்ளத்தாய், ரேஷன் கடையில் அரிசி நிறுக்கிறவள், முப்பத்தோரு வயது, ஒன்பதிலும் ஆறிலும் இரண்டு பெண்கள். அவள் புருஷன் பால்ச்சாமி முதல் வருஷமே தன் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டான். ஒத்தைக்காரன் இன்னொரு முறை தகட்டை வைத்தால் தகடு தகடாகவே இருக்கும்; பால்ச்சாமி அதையும் மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டான். அவளுடைய அப்பாவுக்குச் சர்க்கரை. கால் இரண்டும் வீங்கிப்போய்ச் செருப்பு நுழையாமல், வெறுங்காலோடு கடைக்கு வந்து நிறுத்துக்கொண்டிருந்தாள் வெள்ளத்தாய். இன்னொரு திருவிழா தாங்காது என்று டாக்டர் பால்ச்சாமியிடம் சொல்லியிருந்தார். பால்ச்சாமி அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

காப்புக் கட்டுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் ஊர் கூடியது. விழாக்குழுத் தலைவர் சோலையப்பன் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பேசும்போதும் ஒரு கையை உயர்த்தி, இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டேதான் பேசுவார்.

"ஒருத்தன் ரெண்டு சீட்ட மறிச்சு உக்காந்திருக்கான், ஒருத்தி கைப்பிள்ளையோட நின்னுக்கிட்டு வாரா. கண்டக்டர் என்ன செய்யணும்? அவனுக்கா மனசு வந்து நகருவான்னு விட்டுரணுமா? தண்ணிக்கு முறை இருக்கு, வடம் பிடிக்க முறை இருக்கு, தீச்சட்டிக்குத் தெருவுக்கு ஒரு ஆள்னு முறை இருக்கு. உசுருக்கு மட்டும் முறை இல்லையா?"

"சீட்டு பஸ்ஸோடது அண்ணாச்சி. இது பஸ்ஸோடதா?" என்றாள் ராசகனி.

"மொத மொதக் குடுத்தவ நீ. நீயே இப்படிப் பேசலாமா?"

"மொத மொதக் குடுத்ததாலதான் பேசுதேன். எனக்குத் தோணுச்சு, குடுத்தேன். தோணாதவன்கிட்ட வாங்குறது வேற சோலி. அதுக்குப் பேரு வேற."

அய்யாத்துரை எழுந்தார். அவர் ராசகனியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ராசகனிக்கு அன்னைக்குத் தோணாம இருந்திருந்தா நான் இல்ல. நான் இருக்கேன்னா, அவளுக்கு டீ நல்லா இல்லாமப் போச்சு, அதனால இருக்கேன். அந்தக் காலேஜ் பிள்ளைக்கு டீக்கடை இல்ல. அதுக்கு ஒருத்தருக்கும் தோணல. அத அவ ஆத்தாகிட்டப் போயி சொல்லிட்டு வா ராசகனி. தோணல தாயின்னு சொல்லிட்டு வா."

ராசகனி உட்கார்ந்துவிட்டாள். மண்டபத்தில் இருந்தவர்கள், ராசகனி சொன்னதும் சரி, அய்யாத்துரை சொன்னதும் சரி என்று நினைத்தார்கள். இரண்டும் சரியாக இருக்கும்போது என்ன செய்வது என்று தெரியாதபோது அந்த ஊர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள். அம்மனிடம் பூக் கேட்பது என்று முடிவானது.

வெள்ளரளியும் செவ்வரளியும் தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டு எடுப்பதுதான் பூக் கேட்பது. பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று காலம் காலமாக அப்படித்தான் கேட்டார்கள். ஆனால் கிணறு வெட்டப்போகிறவன் தன் கிணற்றுக்குக் கேட்டான், பெண்ணைப் பெற்றவள் தன் பெண்ணுக்குக் கேட்டாள். அடுத்தவர் காரியத்துக்கு யாரும் பூக் கேட்டதில்லை. இந்த வித்தியாசம் அன்று மண்டபத்தில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. நாம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, அம்மன் கேட்கிறாள், அவளுக்கு இல்லை என்று சொல்ல முடியாது என்று எல்லோரும் நிம்மதியாகக் கலைந்தார்கள். விலக்கு யாருக்கு என்றும் பேசிக்கொண்டார்கள்: பிள்ளைத்தாய்ச்சி, சர்க்கரை உள்ளவர்கள், அறுபது தாண்டியவர்கள், பள்ளியில் படிப்பவர்கள். காரணம் உள்ள எல்லோருக்கும் விலக்கு இருந்தது.

காப்புக் கட்டிய இரண்டாம் நாள் இருநூறுக்கு மேற்பட்ட பொட்டலங்களில் நாலு செவ்வரளி வைத்துக் குலுக்கினார்கள். ரெட்டைக்காரர்கள் வரிசையில் வந்து ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். முதல் சிவப்பை எடுத்தவன், "எனக்கு லாட்டரியிலகூட இப்படி விழுந்ததில்ல" என்று சிரித்துக்கொண்டு அங்கேயே தகட்டை வைத்தான். இரண்டாவது, புதிதாகக் கல்யாணமான பெண், அழுதாள், கொடுத்தாள். மூன்றாவது சோலையப்பனின் சொந்த மருமகன். மாமனாரைப் பார்த்த பார்வையோடு கொடுத்தான். நாலாவது பொட்டலம் நல்லமாடன் கையில் பிரிந்தது.

நல்லமாடன் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடுகிறவர். ஒன்பது தெருவுக்கும் ஒன்பது வால்வு, தெருவுக்கு நாற்பது நிமிஷம். இருபது வருஷத்தில் ஒரு தெரு இன்னொரு தெருவைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. அவர் செவ்வரளியைப் பார்த்தார். பொட்டலத்தைப் பழையபடி மடித்து, நாரைச் சுற்றி, தாம்பாளத்தில் திருப்பி வைத்தார்.

"தர மனசில்ல" என்றார்.

"என்ன வேய், ஒடம்புக்கு எதும் இருக்கா?" என்றார் சோலையப்பன்.

"ஒண்ணுமில்ல."

"பயமா இருக்கா? ஊசி இல்ல, கத்தி இல்ல."

"பயமும் இல்ல."

"அப்பறம் என்ன காரணம்?"

"காரணமெல்லாம் இல்ல அண்ணாச்சி. எனக்கு மனசில்ல."

ஊரிடம் காரணங்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. காரணமே இல்லாதவருக்கு அதில் இடம் இல்லை. நாலாவது செவ்வரளி வெள்ளத்தாய்க்கு என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். அவள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், இரண்டு பெண்களும் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

யாரும் நல்லமாடனை அடிக்கவில்லை. பேசுவதை நிறுத்தினார்கள். அய்யாத்துரை அவருக்கு டீ போடவில்லை. நல்லமாடன் மனைவி சொர்ணக்கிளி கடைக்குப் போனால் உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, எல்லாம் இப்போதுதான் தீர்ந்தது. அவர் நேரத்துக்கு எழுந்து வால்வுகளைத் திறந்தார். அவரை ஏசுகிற தெருவுக்கும் நாற்பது நிமிஷம்தான், வெள்ளத்தாய் இருந்த கடைசித் தெருவுக்கும் நாற்பது நிமிஷம்தான். "தண்ணிய நிறுத்துனான்னா ஒரு கை பாத்துரலாம். பாவி மட்டை, நிறுத்தவும் மாட்டேங்கான்" என்று குழாயடியில் பெண்கள் சொன்னார்கள்.

ஏழாம் நாள் மத்தியானம் வெள்ளத்தாய் தொட்டிக்கு நடந்து வந்தாள். தொட்டியின் நிழலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நல்லமாடன் குடத்தில் இருந்து ஒரு தம்ளர் மோந்து நீட்டியவர், அவளுக்கு நாள் ஒன்றுக்கு இத்தனை தம்ளர்தான் என்று அளவு உண்டே என்பது நினைவுக்கு வந்து, பாதியைக் கீழே ஊற்றிவிட்டுக் கொடுத்தார்.

"நான் வந்து கேக்கது தப்பா அண்ணே?"

"கேக்கதுல என்ன தப்பு தாயி."

"தருவீகளா?"

"மாட்டேன்."

அவள் தண்ணீரை நாக்கு நனைகிற அளவு குடித்தாள். "ரெண்டாம் வருஷம் எனக்கு நோக்காடு இல்ல. நான் தகட்டக் கையில எடுத்தேன் அண்ணே. பேருந்துல போற அந்தக் காலேஜ் பிள்ளைக்குத்தான். எடுத்துட்டு, கீழ வச்சுட்டு, பிள்ளைகளுக்கு வளையல் வாங்கிட்டுப் போயிட்டேன். அப்ப எனக்கும் மனசில்ல. அதனால உங்கள ஏச எனக்கு வாயில்ல."

நல்லமாடன் வெகுநேரம் வால்வுச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நானும் ஏன்னு யோசிச்சுப் பாத்தேன் தாயி. நீ அன்னைக்கு வீட்டுக்கு வந்து, அண்ணே குடுங்கன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ என்னமோ. தெரியல. இப்பப் பூவக் கையில திணிச்சுட்டாக. இனிமே நான் குடுத்தாலும் அது நான் குடுத்ததா இருக்காது. குடுக்காம இருந்தாத்தான் அது என்னோடது."

"அதுக்கு நான் சாகணுமா?"

அவர், கடைசித் தெருவுக்கு நேரம் ஆகிவிட்டது என்று எழுந்து வால்வைத் திறந்தார். அவள் திரும்பி நடந்தபோது அவளுக்கு முன்னால் தரைக்கடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே போனது.

எட்டாம் நாள் காலையில் சோலையப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். உச்சிப்பொழுதில் எல்லோருக்கும் காப்பு அறுப்பது, நல்லமாடன் வீட்டுக்கு மட்டும் அறுக்காமல் விடுவது. காப்போடு இருக்கிறவர்கள் ஊர் எல்லையைத் தாண்டித் தங்க முடியாது. அடுத்த மாதம் நல்லமாடன் மகளுக்கு நாற்பது மைல் தள்ளி மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம். தாலி கட்டிக்கொண்டு அவள் எந்த வீட்டில் தங்குவாள்?

பூசாரி மூக்காண்டி சின்ன அரிவாளால் எல்லோர் கயிற்றையும் அறுத்துக்கொண்டே வந்து, நல்லமாடன் குடும்பத்தைத் தாண்டி அடுத்த குடும்பத்துக்குப் போனார். மணப்பெண் கையை நீட்டியபடியே நின்றாள். சொர்ணக்கிளி புருஷன் காலில் விழவில்லை; நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தைய்யா. ஒரே ஒரு வார்த்தை. சொல்லித் தொலையுங்களேன்" என்றாள்.

நல்லமாடன் மகளின் மணிக்கட்டைப் பார்த்தார். தகட்டை வாங்கி இடுப்பில் வைத்தார்.

"தாரேன்" என்றார்.

மனமில்லாமல் சொன்னால் வராது என்று பலர் நினைத்திருந்தார்கள்; சிலர் அப்படி வராமல் போக வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டும் இருந்தார்கள், ராசகனி அவர்களில் ஒருத்தி. அவர் கையை எடுத்தார். தகட்டின் மேல் அது இருந்தது. அவரை விதையின் வடிவம், புளியின் நிறம், கோழிமுட்டையின் சூடு. ராசகனி கொடுத்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. முன்னால் நின்ற ஒரு சின்னப்பெண், "அவருதான் மனசில்லன்னாரே, எப்படி வந்துச்சு?" என்று சத்தமாகக் கேட்டாள். அவள் அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

"அம்மன் குடுத்துட்டா. வாங்கிக்க தாயி" என்றார் மூக்காண்டி.

வெள்ளத்தாய் தகட்டை மடியில் வாங்கினாள். அதன் சூடு சேலை வழியாகத் தொடையில் படிந்தது. பெண்கள் இரண்டு பேரும் அவளுடைய கையை ஆளுக்கொன்றாகப் பிடித்திருந்தார்கள். அவள் நல்லமாடனைப் பார்த்து, "நான் எடுத்துக்கிடவா அண்ணே?" என்று கேட்டாள்.

"அத என்கிட்டக் கேக்காத தாயி."

"எனக்குச் சாக மனசில்லண்ணே" என்றாள் வெள்ளத்தாய். பெண்களின் பிடியிலிருந்து கைகளை விடுவித்துக்கொண்டு, தகட்டைத் தானே எடுத்து இடுப்பில் வைத்தாள். அது இறங்கியது.

ஒரு மாதத்தில் கால் வீக்கம் வடிந்தது. செருப்பு நுழைந்தது. வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்தாள். நல்லமாடன் குடும்பம் கல்யாணத்துக்குப் போனது, திரும்பி வரவில்லை. மாப்பிள்ளை ஊரிலேயே ஒரு நூல் ஆலையில் காவலுக்குச் சேர்ந்துவிட்டார் என்றார்கள். தொட்டிக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தான். மேலத் தெருவில் குடங்கள் வழிந்தன, கடைசித் தெருவில் குழாய் இருமியது.

ஐப்பசியில் வெள்ளத்தாய் பேருந்து ஏறி அந்த ஊருக்குப் போனாள். ஆலை வாசலில் நாற்காலியில் இருந்த நல்லமாடன் எழுந்து, நாற்காலியை அவளுக்குப் போட்டார். டீ வாங்கி வரச் சொன்னார். கால் எப்படி இருக்கிறது, பிள்ளைகள் எத்தனாவது படிக்கிறார்கள் என்று கேட்டார். அவருடைய முகத்தில் எந்தக் குறையும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஒரு வார்த்தை ஏசிருங்கண்ணே. கேட்டுட்டுப் போறேன்."

"ஏசுறதுக்கு என்ன இருக்கு. நீ நல்லா இருக்கணும். நெசமாத்தான் சொல்லுதேன்." பிறகு வாசலுக்கு வந்த லாரியின் எண்ணைப் பார்த்து, கம்பியை உயர்த்தி, உள்ளே விட்டு, கம்பியை இறக்கிவிட்டு வந்தார். "ஒண்ணே ஒண்ணு. நான் குடுத்தேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. எடுத்தாகன்னு சொல்லு."

ஐந்தாம் வருஷம் வந்தது. அதற்குள் ஒத்தைக்காரர்களுக்கு யாரும் எழுந்து இடம்விடுவதில்லை. பூ விழுந்தால் யாரானாலும் கொடுக்கத்தானே வேண்டும், இதில் என்ன பெருமை என்று ஆகிவிட்டது. ராசகனி கொடுத்ததும் சோலையப்பன் மருமகன் கொடுத்ததும் ஒரே பேச்சில் வந்து போயின. காப்புக் கட்டிய அன்று தகட்டுக் கடைக்குத் தானாக ஒருவரும் வரவில்லை. பூதான் இருக்கிறதே.

அந்த வருஷம் பேருந்தில் போனது ஒரே ஆள், சைக்கிள் கடை ஆழ்வாரப்பன், ஐம்பது வயது. இந்த முறை எட்டாம் நாள் காலையில்தான் பூக் கேட்பது, கொடுத்தவுடன் உச்சியில் காப்பை அறுப்பது என்று குழு மாற்றியிருந்தது. ஒரு வாரம் முரண்டு பிடிக்க யாருக்கும் இடம் கொடுக்கக்கூடாது அல்லவா. பொட்டலங்களைக் குலுக்கி முடித்தபோது வெள்ளத்தாய் எழுந்து தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மன் கேக்கல. நாம கேக்கோம். போன வருஷம் அம்மன் எனக்குக் குடுக்கல. நீங்க எடுத்தீக, நான் வாங்கிக்கிட்டேன். அத இங்கன சொல்லணும்னு வந்தேன்."

"வாங்கி உள்ள வச்சுக்கிட்டு இந்தப் பேச்சுப் பேசுதியே, வெக்கமா இல்லயா ஒனக்கு?" என்றார் சோலையப்பன்.

"வெக்கமாத்தான் இருக்கு அண்ணாச்சி. அதான் பேசுதேன்."

"ஏத்தா, ஒனக்குச் சோறு ஆக்கியாச்சு, இனி அடுத்தவன் உலையில தண்ணிய ஊத்துதியா?" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள். பின்னாலிருந்து யாரோ உட்காரச் சொன்னார்கள். வெள்ளத்தாய் உட்காரவில்லை. வரிசை நகர்ந்தது. நாற்பதாவதோ ஐம்பதாவதோ ஆளாக வந்த சண்முகவடிவு, பால்வாடியில் வேலைபார்க்கிற பெண், பிரித்த பொட்டலத்தில் செவ்வரளி இருந்தது. அவள் பூவைப் பார்த்தாள், ஆழ்வாரப்பனைப் பார்த்தாள், பிறகு வெள்ளத்தாயின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்கக்கா. குடுக்கவா, வேண்டாமா?"

மண்டபமே வெள்ளத்தாயைப் பார்த்தது. குடு என்று அவள் சொன்னால் அதுவும் இன்னொரு பூ. குடுக்காதே என்று சொல்ல, அடுத்தவர் சிறுநீரகத்தால் உயிரோடு நிற்கிற அவளுக்கு வாய் எழவில்லை. அவள் ஆழ்வாரப்பனிடம் போனாள்.

"சித்தப்பா, எந்திரிங்க. பூ கேட்டது போதும். நீங்க கேளுங்க அந்தப் பிள்ளைகிட்ட."

ஆழ்வாரப்பன் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருந்ததில்லை. அவர் தூணைப் பிடித்து எழுந்து, சண்முகவடிவுக்கு எதிரே வந்து நின்றார். பஞ்சர் ஒட்ட வருகிற எல்லோரிடமும் வாயடிக்கிறவருக்குச் சொல் வரவில்லை. அவர் மனைவி விலாவில் குத்தினாள். யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

"நீ… ஒன் சைக்கிளுக்கு…" என்று தொடங்கி, அது இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு, மறுபடி தொடங்கினார். "எனக்கு ஒண்ணு வேணும் தாயி. இல்லாட்டா செத்துப்போவேன். ஒனக்கு மனசிருந்தா குடு." வியர்வையைத் துடைத்தார். "மனசில்லாட்டா…" என்றவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

சண்முகவடிவு செவ்வரளியைத் தாம்பாளத்தில் வைத்தாள். "யோசிக்கணும்" என்றாள்.

"என்னத்த யோசிக்க? உச்சி ஆகப்போகுது, காப்பு அறுக்கணும்" என்றார் சோலையப்பன்.

"யோசிக்கட்டும்" என்றார் ஆழ்வாரப்பன்.

நிற்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார். வீங்கிய கால்களை அவள் பக்கம் நீளாமல் வேறு பக்கமாக நீட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்துக்கொண்டு, காத்திருந்தார்.